ராஸ்பெரி பையில் வைஃபை போய்விட்டால்

ராஸ்பெரி பையில் வைஃபை நின்றதும் பெரும்பாலோர் செய்வது ரீபூட். அதற்கும் மசியவில்லை என்றால் எஸ்டி கார்டை அழித்துவிட்டு ஓஎஸ்ஸைப் புதிதாக ஏற்றுவது. இரண்டாலும் சில சமயம் நெட் திரும்பிவிடும். ஆனால் ஏன் போனது என்று தெரியாது. காரணம் அப்படியே இருப்பதால் அடுத்த வாரம் அதே சிக்கல் மறுபடி வந்து நிற்கும்.

போர்டுக்கும் இணையத்துக்கும் நடுவே வரிசையாகச் சில கட்டங்கள் இருக்கின்றன. போதிய மின்சாரம் வர வேண்டும், ரேடியோ இயங்க வேண்டும், ரவுட்டர் கண்ணில் பட வேண்டும், கடவுச்சொல் ஒத்துப்போக வேண்டும், ஐபி முகவரி கிடைக்க வேண்டும், இணையதளப் பெயர்கள் முகவரிகளாக மாற வேண்டும். எந்தக் கட்டத்தில் நின்றது என்று தெரிந்துவிட்டால், சரிசெய்வது பெரும்பாலும் ஒரு வரி வேலைதான். இந்த அத்தியாயம் அந்த வரிசையிலேயே போகிறது. நடுவில் எங்கே கோளாறு தென்பட்டாலும் அங்கேயே நின்று சரிசெய்யுங்கள்.

தொடங்கும் முன்

வைஃபை வழியாக எஸ்எஸ்ஹெச்சில் மட்டுமே உள்ளே போய்க்கொண்டிருந்தவர்களுக்கு, வைஃபை போனதும் கதவும் சேர்ந்தே மூடிவிடும். முதலில் வேறு வழியில் உள்ளே போங்கள். ஈதர்நெட் சாக்கெட் உள்ள போர்டு என்றால் ஒரு லேன் கேபிளை ரவுட்டரில் செருகினால் போதும். இல்லையென்றால் மானிட்டரும் கீபோர்டும் வேண்டும். பை 4, 5, 400 மூன்றுக்கும் மைக்ரோ ஹெச்டிஎம்ஐ கேபிள், ஸீரோ வகைகளுக்கு மினி ஹெச்டிஎம்ஐ. ஸீரோவில் இரண்டு சிறிய யூஎஸ்பி துளைகள் இருக்கும். கீபோர்டை ஓடிஜி கேபிள் வழியாக, பவர் என்று குறிக்கப்படாத துளையில் செருகுங்கள்.

இங்கே கட்டளைகளை வாயால் சொல்கிற மாதிரி தமிழில் எழுதியிருக்கிறது. டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். அமைப்பை மாற்றும் கட்டளைகளுக்கு முன்னால் 'சூடோ' சேர்க்க வேண்டும். உள்ளமைந்த வைஃபைக்கு லினக்ஸ் வைத்திருக்கும் பெயர் 'டபிள்யூலேன்0'. கடைசியில் இருப்பது சுழியம், ஓ அல்ல.

ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சார்ஜரையும் சேனலையும் கடவுச்சொல்லையும் ஒரே மூச்சில் மாற்றினால், சிக்கல் தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்று தெரியாது.

உங்கள் போர்டு எது?

முதல் ராஸ்பெரி பையிலும் பை 2-இலும் வைஃபை கிடையாது, யூஎஸ்பி டாங்கிள்தான். உள்ளமைந்த வைஃபையோடு முதலில் வந்தது 2016 பிப்ரவரியில் வெளியான பை 3 மாடல் பி. அதுவும், 2017-இல் வந்த ஸீரோ டபிள்யூவும், 2021-இல் வந்த ஸீரோ 2 டபிள்யூவும் 2.4 கிகாஹெர்ட்ஸை மட்டுமே பிடிக்கும். 2018-இல் வந்த பை 3 பி பிளஸ், 2019-இன் பை 4, 2020-இன் பை 400, 2023-இன் பை 5 ஆகியவை 2.4, 5 இரண்டையும் பிடிக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 'ரவுட்டர் பெயரே தெரியவில்லை' என்ற புகார்களில் பலவற்றுக்கு விடை இந்தப் பத்தியிலேயே இருக்கிறது.

1. மின்சாரம்

வைஃபை கோளாறைத் தேடும்போது சார்ஜரைப் பார்ப்பது சுற்றுவழியாகத் தோன்றலாம். ஆனால் மின்னழுத்தம் சரிந்தால் போர்டு முழுதாக அணைந்துவிடாது. வைஃபை சில்லும் யூஎஸ்பி சாதனங்களும் முதலில் தள்ளாடும், புரோசஸர் ஓடிக்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது வைஃபை கோளாறாகவே தெரியும்.

பை 3-க்கு 2.5 ஆம்பியர், பை 4-க்கு 3 ஆம்பியர், பை 5-க்கு 5 ஆம்பியர் என்பது பரிந்துரை. அழுத்தம் ஏறக்குறைய 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் போர்டு அதைக் குறித்து வைத்துக்கொள்ளும். டெஸ்க்டாப் திரையின் மூலையில் மின்னல் குறி வந்தால் அதற்கு இதுதான் பொருள். திரை இல்லாதவர்கள் 'விசிஜென்சிஎம்டி கெட்_த்ராட்டில்டு' என்று கேட்க வேண்டும். பதிலில் எக்ஸ் எழுத்துக்குப் பின் வரும் எண்ணை மட்டும் படியுங்கள்.

• 0 — மின்சாரத்தில் குறையில்லை, அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.
• 50000 — இப்போது சரி. ஆனால் போர்டை ஆன் செய்த பிறகு எப்போதோ அழுத்தம் சரிந்து வேகமும் குறைக்கப்பட்டிருக்கிறது.
• 50005 — இந்த நொடியிலும் அழுத்தம் போதவில்லை.

நடுவில் உள்ளதுதான் பலரை ஏமாற்றும். நீங்கள் பார்க்கும்போது எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும், இரவில் ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கியதும் அழுத்தம் இறங்கி வைஃபை போயிருக்கும். இப்படி வந்தால் முதலில் கேபிளை மாற்றுங்கள். மெல்லிய, நீளமான போன் கேபிளில் அழுத்தம் வழியிலேயே குறைந்துவிடும். அடுத்து சார்ஜர். போன் சார்ஜர் போனுக்குச் சரி, போர்டுக்கும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதற்குத் தனி மின்சாரம் உள்ள ஹப் வாங்குங்கள்.

2. ரேடியோ இயங்குகிறதா?

'ஆர்எஃப்கில் லிஸ்ட்' என்று தட்டுங்கள். 'வயர்லெஸ் லேன்' என்ற தலைப்பின் கீழ் இரண்டு வரிகள் வரும்: 'சாஃப்ட் பிளாக்டு', 'ஹார்ட் பிளாக்டு'. பையின் உள்ளமைந்த வைஃபைக்கு வெளியில் பொத்தான் எதுவும் இல்லை. ஆகவே இரண்டாவது வரி எப்போதும் 'நோ' என்றே இருக்க வேண்டும். முதல் வரி 'யெஸ்' என்று இருந்தால் மென்பொருள்தான் ரேடியோவைப் பூட்டி வைத்திருக்கிறது.

புதிதாக ஓஎஸ் ஏற்றியவர்களுக்கு இந்தப் பூட்டு விழக் காரணம், வைஃபைக்கான நாடு எது என்று சொல்லாமல் விட்டதுதான். எந்தெந்த அலைவரிசையில் எவ்வளவு வலிமையோடு ஒலிபரப்பலாம் என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். நாடு தெரியாத வரை ராஸ்பெரி பை ஓஎஸ் ரேடியோவைத் திறக்காது. 'ராஸ்பி-கான்ஃபிக்' திறந்து, 'லோகலைசேஷன் ஆப்ஷன்ஸ்' உள்ளே 'டபிள்யூலேன் கன்ட்ரி'யில் உங்கள் நாட்டைத் தேர்ந்தெடுங்கள். நாடு ஏற்கெனவே சரியாக இருந்தும் பூட்டியிருந்தால் 'ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை' போதும்.

பட்டியலில் வயர்லெஸ் லேன் என்ற பேச்சே இல்லையென்றால் சிக்கல் ஒரு படி ஆழத்தில் இருக்கிறது. பூட் பகுதியில் உள்ள 'கான்ஃபிக்' கோப்பைத் திறந்து 'டிசேபிள்-வைஃபை' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். மின்சாரம் மிச்சப்படுத்த யாராவது, சில சமயம் நீங்களே, என்றோ சேர்த்திருக்கலாம். இல்லையென்றால் 'டிமெஸ்ஜி' பட்டியலில் 'பிஆர்சிஎம்எஃப்மேக்' என்ற சொல்லைத் தேடுங்கள். உள்ளமைந்த வைஃபையின் டிரைவர் அதுதான். ஃபர்ம்வேர் கோப்பு கிடைக்கவில்லை என்று அது முறையிட்டால், அப்டேட் பாதியில் நின்றிருக்க வாய்ப்பு அதிகம். லேன் கேபிள் வழியாக முழு அப்டேட்டையும் மறுபடி ஓட்டுங்கள்.

3. ரவுட்டர் கண்ணில் படுகிறதா?

'என்எம்சிஎல்ஐ டிவைஸ் வைஃபை லிஸ்ட்' என்றால் சுற்றுவட்டாரத்தில் தெரியும் நெட்வொர்க்குகள் சேனல் எண்ணோடும் வலிமையோடும் வரும். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் இருந்து உங்கள் ரவுட்டர் மட்டும் இல்லையா? மூன்று காரணங்களைப் பாருங்கள்.

முதலாவது, அலைவரிசை. போர்டு 2.4 மட்டும் பிடிக்கும் வகை, ரவுட்டரோ போன் ஹாட்ஸ்பாட்டோ 5-இல் ஓடுகிறது என்றால் இரண்டும் சந்திக்கவே முடியாது. ஆண்ட்ராய்டு ஹாட்ஸ்பாட் அமைப்பில் 2.4-ஐத் தேர்ந்தெடுக்கலாம். ஐபோன் 12 முதல் வந்தவற்றில் 'மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி' என்ற சுவிட்சை ஆன் செய்ய வேண்டும்.

இரண்டாவது, சேனல். 2.4-இல் இந்தியாவில் 1 முதல் 13 வரை பயன்படுத்தலாம், அமெரிக்க அமைப்பில் 12-உம் 13-உம் கிடைக்காது. போர்டில் நாடு அமெரிக்கா என்று இருந்து, ரவுட்டர் தானாகச் சேனல் மாற்றும் வகை என்றால், அது 13-க்குத் தாவிய நாளில் போர்டுக்கு மட்டும் பெயர் மறைந்துவிடும். 6-க்குத் திரும்பிய நாளில் ஒன்றும் நடக்காதது போல் இணைந்துகொள்ளும். நாட்டைத் திருத்தி, ரவுட்டரில் 1, 6, 11 மூன்றில் ஒன்றை நிரந்தரமாக்குங்கள். 5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் வரும் பல சேனல்கள் ரேடாரோடு பகிரப்படுபவை. ரவுட்டர் அவற்றில் ஒலிபரப்பும் முன் குறைந்தது ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்க வேண்டும், ரேடார் தென்பட்டால் விலகிவிடவும் வேண்டும். 36 முதல் 48 வரை வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவது, சிக்னல். 'ஐடபிள்யூ டெவ் டபிள்யூலேன்0 லிங்க்' என்ற கட்டளை, இணைப்பு இருக்கும்போது சிக்னலை மைனஸ் எண்ணாகக் காட்டும். சுழியத்தை நெருங்க நெருங்க நல்லது. மைனஸ் 50 அருமை, 67 வரை கவலை இல்லை, 75-ஐத் தாண்டினால் விட்டுவிட்டு வரும், 80-க்கு மேல் நம்ப முடியாது. இந்த எண்ணைத் திரையில் ஓடவிட்டபடி போர்டைக் கால் வட்டம் திருப்பிப் பாருங்கள், பெட்டியின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். பை 3 பி பிளஸிலும் பை 4-இலும் ஆன்டெனா என்பது ஜிபிஐஓ முள் வரிசை தொடங்கும் மூலையில், போர்டின் செம்பிலேயே வெட்டப்பட்ட சிறு முக்கோண வடிவம். அதன்மேல் உலோகப் பெட்டியோ ஹீட்சிங்க்கோ விசிறியோ வந்து உட்கார்ந்தால் சிக்னல் இறங்குவதை எண்ணிலேயே காணலாம்.

பை 4-இலும் 5-இலும் நீல நிற யூஎஸ்பி 3 துளைகளையும் சந்தேகிக்க வேண்டும். யூஎஸ்பி 3 தரவு ஓடும்போது எழும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலேயே விழுகிறது. இதை இன்டெல் நிறுவனமே 2012-இல் ஓர் ஆய்வறிக்கையில் விளக்கியிருக்கிறது. எஸ்எஸ்டியில் கோப்பு நகலெடுக்கும்போது மட்டும் வைஃபை போகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். போர்டை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் நல்ல உறை போட்ட கேபிள் வாங்கி எஸ்எஸ்டியை ஓர் அடி தள்ளி வையுங்கள்.

4. பெயர் தெரிகிறது, சேர மறுக்கிறது

கடவுச்சொல்லை மறுபடி தட்டிப் பார்த்தாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். அதன் பிறகும் மறுத்தால் ரவுட்டரின் பாதுகாப்பு வகையைப் பாருங்கள். புதிய ரவுட்டர்கள் டபிள்யூபிஏ3-இலோ, அதுவும் பழைய டபிள்யூபிஏ2-உம் கலந்த முறையிலோ வருகின்றன. பை 3, 4 போன்றவற்றின் உள்ளமைந்த வைஃபை அதில் தடுமாறும். டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று மாற்றினால் உடனே சேர்ந்துவிடுவதைப் பலமுறை பார்க்கலாம். வீட்டு ரவுட்டரையே மாற்ற மனமில்லையென்றால், கெஸ்ட் நெட்வொர்க்கை மட்டும் டபிள்யூபிஏ2-இல் ஓட்டுங்கள். ஆனால் கெஸ்ட் நெட்வொர்க்கில் சாதனங்கள் ஒன்றையொன்று பார்க்க ரவுட்டர் பொதுவாக விடாது. போர்டுக்கு நெட் கிடைக்கும், லேப்டாப்பிலிருந்து எஸ்எஸ்ஹெச் கிடைக்காது.

நெட்வொர்க்கின் பெயரிலும் கண்ணி இருக்கலாம். ஐபோன் தானாக வைக்கும் பெயரில் வரும் மேற்கோள் குறி வளைந்தது, கீபோர்டில் தட்டுவது நேரானது. கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிந்தாலும் கணினிக்கு இரண்டும் வெவ்வேறு பெயர். போனின் பெயரைக் குறிகள் இல்லாத ஒற்றைச் சொல்லாக மாற்றிவிடுங்கள்.

பழைய குறிப்புகளைப் பார்த்துச் செய்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. 2023 அக்டோபரில் வந்த புக்வார்ம் பதிப்பிலிருந்து ராஸ்பெரி பை ஓஎஸ்ஸில் வைஃபையை நிர்வகிப்பது நெட்வொர்க் மேனேஜர். பூட் பகுதியில் 'டபிள்யூபிஏ_சப்ளிகன்ட்' கோப்பைப் போட்டு வைத்தால் போதும் என்ற பழைய முறை அதோடு முடிந்தது. கோப்பைத் திருத்தித் திருத்தி ஒன்றும் நடக்காமல் தவிப்பவர்கள் 'என்எம்டியூஐ' என்று தட்டுங்கள். அம்புக்குறி விசைகளாலேயே நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுத்துக் கடவுச்சொல் கொடுக்கும் திரை வரும். பழைய இணைப்பு ஒன்று அதே பெயரில் சேமிக்கப்பட்டிருந்தால் அதை அங்கேயே அழித்துவிட்டுப் புதிதாகச் சேருங்கள்.

5. சேர்ந்துவிட்டது, ஆனால் நெட் இல்லை

இங்கே நான்கு கேள்விகள், வரிசை மாறாமல்.

• ஐபி முகவரி இருக்கிறதா? 'ஹோஸ்ட்நேம்' கட்டளையோடு ஒரு கோடும் பெரிய எழுத்து ஐயும் சேர்த்துத் தட்டுங்கள். 192.168 என்றோ 10 என்றோ தொடங்கினால் நல்லது. 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் முகவரி தரவில்லை, போர்டு தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.
• ரவுட்டர் பதில் சொல்கிறதா? ரவுட்டரின் முகவரிக்கு, பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, பிங் கொடுங்கள்.
• வெளியுலகம் பதில் சொல்கிறதா? 8.8.8.8-க்குப் பிங் கொடுங்கள். ரவுட்டர் பேசி இது பேசவில்லையென்றால் பையில் குறையில்லை, இணைய நிறுவனத்துக்குத்தான் போன் செய்ய வேண்டும்.
• பெயருக்குப் பதில் வருகிறதா? 8.8.8.8 பேசுகிறது, இணையதளப் பெயருக்கு மட்டும் 'தெரியாது' என்கிறது என்றால் டிஎன்எஸ் சிக்கல். இணைப்பின் அமைப்பில் டிஎன்எஸ் என்ற இடத்தில் அதே 8.8.8.8-ஐக் கொடுத்துப் பாருங்கள்.

நான்கும் சரி, ஆனாலும் எந்தப் பக்கமும் திறக்கவில்லையா? தேதியைப் பாருங்கள். பை 4 வரையிலான போர்டுகளில் கடிகார பேட்டரி கிடையாது. பை 5-இல் கடிகாரம் உண்டு, பேட்டரியைத் தனியாக வாங்கிச் செருக வேண்டும். மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்த போர்டை எழுப்பினால், கடைசியாக அணைத்த நாளிலிருந்தே அது நேரத்தைத் தொடரும். பாதுகாப்பான தளங்களின் சான்றிதழ்கள் அந்தப் பழைய தேதிக்கு ஒத்துவராமல் நிராகரிக்கப்படும். தேதியைக் கையால் திருத்தினாலே வழி திறந்துவிடும்.

6. வருகிறது, போகிறது

விட்டுவிட்டுப் போகும் இணைப்பில் கட்டளைகளைவிடக் கடிகாரம்தான் அதிகம் சொல்லும். போன நேரங்களைக் குறித்து வையுங்கள். 'ஜர்னல்சிடிஎல்' பதிவில் நெட்வொர்க் மேனேஜர் எழுதிய வரிகளிலும் நேரம் இருக்கும்.

சும்மா இருந்தால் போகிறது, நாம் பயன்படுத்தும்போது ஒழுங்காக இருக்கிறது என்றால் மின் சிக்கன முறையைச் சந்தேகியுங்கள். 'ஐடபிள்யூ டெவ் டபிள்யூலேன்0 கெட் பவர்_சேவ்' என்று கேட்டு, ஆன் என்றால் 'செட் பவர்_சேவ் ஆஃப்' கொடுங்கள். எஸ்எஸ்ஹெச்சில் எழுத்துகள் திக்கித் திக்கி வருவதும் இதோடு நின்றுவிடும். ஆனால் ரீபூட் செய்தால் பழையபடி ஆகிவிடும். நிரந்தரமாக்க, 'என்எம்சிஎல்ஐ கனெக்ஷன் மாடிஃபை' கட்டளையால் அந்த இணைப்பின் 'பவர்சேவ்' மதிப்பை 2 என்று வையுங்கள். அங்கே 2 என்றால் அணை, 3 என்றால் இயக்கு.

ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் போகிறது என்றால், ரவுட்டர் தந்த ஐபி முகவரியின் தவணை முடிந்து புதுப்பிப்பதில் கோளாறு இருக்கலாம். ரவுட்டரில் இந்தப் போர்டுக்கென ஒரு முகவரியை ஒதுக்கி வையுங்கள். எஸ்எஸ்ஹெச்சுக்குத் தினம் தினம் புது எண்ணைத் தேட வேண்டிய வேலையும் மிச்சம்.

கரண்ட் போய் வந்த பிறகு மட்டும் சேரவில்லை என்றால், முந்திக்கொள்வது பை. ஃபைபர் ரவுட்டர் முழுதாக எழுந்து முகவரி தரத் தொடங்குவதற்குள் அது முயன்று தோற்றுவிடும். நெட்வொர்க் மேனேஜர் வழக்கமாக நான்கு முறை முயன்று, பிறகு ஐந்து நிமிடம் ஓய்ந்துவிடும். அந்த ஐந்து நிமிடத்தில்தான் நாம் போர்டு கெட்டுவிட்டது என்று முடிவுகட்டுகிறோம். இணைப்பின் 'ஆட்டோகனெக்ட்-ரீட்ரைஸ்' மதிப்பை 0 ஆக்கினால் சலிக்காமல் முயன்றுகொண்டே இருக்கும்.

7. ஆள் இல்லாத இடத்தில் ஒரு காவல்

மொட்டைமாடி வானிலைக் கருவி, தோட்டத்து பம்ப் என்று கைக்கெட்டாத இடத்தில் இருக்கும் போர்டுக்கு ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதி, கட்டளைகளைக் குறித்த நேரத்தில் ஓட்டும் கிரானில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடவிடுங்கள். அது ரவுட்டருக்கு நான்கு பிங் அனுப்பட்டும். நான்கும் பொய்த்தால் தேதி, நேரம், 1-ஆம் பகுதியில் பார்த்த மின்சார எண் மூன்றையும் ஒரு கோப்பில் எழுதிவிட்டு வைஃபை இணைப்பை மட்டும் கீழிறக்கி மேலேற்றட்டும். பிங்கை 8.8.8.8-க்கு அனுப்பாதீர்கள். அனுப்பினால், இணைய நிறுவனத்தின் கோளாறுக்கெல்லாம் உங்கள் போர்டு வைஃபையை அணைத்து அணைத்துப் போடும். தோற்ற உடனே ரீபூட் செய்யவும் வைக்காதீர்கள், எழுதிக்கொண்டிருக்கும்போது திரும்பத் திரும்ப ரீபூட் ஆனால் எஸ்டி கார்டுக்கு நல்லதல்ல. ஒரு வாரம் கழித்து அந்தக் கோப்பைப் படித்தால் 6-ஆம் பகுதியில் எதற்குத் திரும்ப வேண்டும் என்று தெரிந்துவிடும்.

8. எப்போது கருவியை மாற்றுவது?

நல்ல சார்ஜர், திறந்த பெட்டி, ரவுட்டருக்கு அருகில், புதிதாக ஓஎஸ் ஏற்றிய வேறொரு எஸ்டி கார்டு. இத்தனையும் இருந்தும் டபிள்யூலேன்0 தோன்றவில்லை அல்லது நிற்கவில்லை என்றால் சில்லு பழுது என்று முடிவு செய்யலாம். சோதனைக்குத் தனிக் கார்டு வைத்துக்கொண்டால் பழைய கார்டில் இருப்பவை பத்திரமாக இருக்கும்.

யூஎஸ்பி டாங்கிள் வாங்குவதென்றால் பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தைவிட உள்ளே இருக்கும் சில்லு எது என்பது முக்கியம். லினக்ஸ் கெர்னலிலேயே டிரைவர் உள்ளதாகப் பாருங்கள், மீடியாடெக் சில்லுகள் பலவற்றுக்கு உண்டு. தனியாக டிரைவர் இறக்கி நிறுவ வேண்டிய டாங்கிள், அடுத்த கெர்னல் அப்டேட்டில் பேசாமல் போகலாம். போர்டு ஓரிடத்தில் நிலையாக இருந்து, லேன் கேபிள் எட்டுகிற தூரம் என்றால் டாங்கிளும் வேண்டாம், கேபிளையே இழுத்துவிடுங்கள்.

ஒரே பார்வையில்

• மின்னல் குறி, அல்லது மின்சார எண் 50000, 50005: கேபிள், சார்ஜர்.
• ரேடியோ பூட்டியிருக்கிறது: நாட்டைத் தேர்ந்தெடுக்கவும்.
• ரவுட்டர் பெயர் மட்டும் தெரியவில்லை: 2.4 அல்லது 5, சேனல் 12, 13.
• சிக்னல் மைனஸ் 75-ஐத் தாண்டுகிறது: பெட்டி, திசை, யூஎஸ்பி 3.
• சரியான கடவுச்சொல்லையும் மறுக்கிறது: டபிள்யூபிஏ2-க்கு மாற்றவும்.
• முகவரி 169.254: ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்யவும்.
• பிங் வருகிறது, பக்கம் திறக்கவில்லை: டிஎன்எஸ், தேதி.
• சும்மா இருக்கும்போது போகிறது: மின் சிக்கன முறையை அணைக்கவும்.
• கரண்ட் வந்த பின் சேரவில்லை: முயற்சி எண்ணிக்கையை 0 ஆக்கவும்.